புதுக் கம்பியின் மினுக்கம்

எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியதும் முதல் மீட்டலிலேயே ஒரு பளபளப்பு கேட்கும். தடித்த மூன்று கம்பிகளின் மேல் நகத்தை நீளவாக்கில் இழுத்தால் ‘ஸ்ர்ர்’ என்று சுற்றின் வரிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். எஃகு நடுக்கம்பியின் மேல் நிக்கல் பூசிய இழையை இடைவெளியே தெரியாமல் நெருக்கிச் சுற்றிய வேலை அது. சுத்த நிக்கல் சுற்று இன்னும் கனிவாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கவும் செய்யும். தட்டைச் சுற்றுக் கம்பியிலோ விரல் கீச்சிடாமல் வழுக்கிப் போகும். ஜாஸ் வாசிப்பவர்கள் பலர் அதை விடாததில் வியப்பில்லை.

எனக்குப் பிடித்தது 10-இல் தொடங்கும் செட். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 10 பங்கு, அவ்வளவுதான் மெல்லிய கம்பியின் தடிமன். 9 இன்னும் எளிதாக வளைந்துகொடுக்கும். ஆனால் 10-ஐ வளைக்கும்போது அது விரலை எதிர்த்துத் தள்ளுகிறதே, அந்த இழுபறியில்தான் சுரத்துக்கு உடம்பு வருகிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13-ஐக் கட்டி, அரைச் சுரம் இறக்கி வாசித்தார். அதற்கு அவர் விரல்களே வேண்டும்! கை வியர்ப்பவர்களுக்குக் காப்புப் பூச்சுக் கம்பி நெடுநாள் உழைக்கும். பூச்சில்லாததையும் வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் அடிப்பக்கம்வரை துடைத்து வைத்தால், அந்த மினுக்கம் எளிதில் மங்காது.