ஜுவான்வீல் கண்ட அரசர் லூயி

பிரான்சை 1226 முதல் 1270 வரை ஆண்ட ஒன்பதாம் லூயியின் சரித்திரத்தை, அவருடைய நண்பர் ஜுவான்வீல் 1309-ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். ரோமச் சபை 1297-இலேயே அரசரைப் புனிதராக அறிவித்திருந்தது. ஆயினும் இந்நூல் வெறும் புகழ்மாலையன்று. வென்சேன் வனத்தில் கர்வாலி மரத்தடியில் அமர்ந்து எளியோரின் வழக்கைக் கேட்கும் லூயியை இதில் காண்கிறோம். முந்திய சிலுவைப்போரினால் தம் குடிகள் பட்ட துன்பத்தைச் சுட்டி, 1270-ஆம் ஆண்டுப் போருக்கு வர மறுத்ததையும் ஆசிரியர் ஒளிக்கவில்லை. அப்போருக்குச் செல்லுமாறு அரசருக்கு ஆலோசனை கூறியோர் பெரும்பாவம் செய்தனர் என்றே அவர் எழுதுகிறார்.

ஆனால், யூதருடன் தர்க்கிப்பது கற்றறிந்த குருமாருக்கே உரியது, கிறிஸ்தவ மார்க்கம் இகழப்பட்டால் பொதுமகன் அதனை வாளாலேயே காக்கவேண்டும் என்று லூயி உரைத்ததை எழுதுமிடத்தில், ஆசிரியர் ஒரு சொல்லும் மறுத்துரைத்தாரில்லை. பாரிசில் தல்மூத் சுவடிகள் 1242-இல் எரிக்கப்பட்டதும் இவ்வரசரின் ஆட்சியிலேயாம்.

அரசரையே மறுக்கத் துணிந்தவர் இங்கு மௌனமானது அச்சத்தினாலன்று. அதில் அவர் குற்றமே காணவில்லை என்பது நம் கருத்து. உரியாவின் கொலையை மறைக்காத வேதத்தைப் போதிக்கும் நாம், பக்தரின் சரித்திரங்களைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுவருகையில், அவர்களால் துன்புற்றோரையும் உடன் நினைப்பது கடமையாகும்.