50 சிசி போதும்

செயின் சா வாங்கப் போனால் எல்லோரும் முதலில் சிசியைத்தான் கேட்கிறார்கள். நான் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸைப் பற்றிக் கேட்பேன். தொழில்முறை ரம்பத்தில் அது மெக்னீசிய வார்ப்பு. எடை குறைவு, சூட்டைத் தாங்கும், வேண்டியபோது கழற்றிப் பழுது பார்க்கலாம்.

ஜெர்மனியின் ஸ்டில் எம்எஸ் 261ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 50.2 சிசி, பாரும் (செயின் ஓடும் தகடு) செயினும் மாட்டாமல் ஐந்து கிலோவுக்குள் அடங்கும். சாய்த்த மரத்தில் நாள் முழுக்கக் கிளை கழிப்பவருக்கு இந்த எடைதான் உயிர். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும்; அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. எவ்வளவு அக்கறையான வடிவமைப்பு!

மேல்கைப்பிடி வைத்த குட்டி ரம்பங்களும் அழகுதான். ஆனால் அவை கயிறு கட்டி மரமேறும் பயிற்சி பெற்றவர்களுக்கானவை. தரையில் நின்று அறுக்க அவற்றை வாங்கக் கூடாது.

பார் 16 அங்குலம் போதும். நீளம் கூடினால் முனை எதிலாவது இடித்து எகிறும் ஆபத்தும், அரம் போட வேண்டிய பற்களும் கூடும். 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) கொண்ட செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல் கூராக இருந்தால் தூள் பறக்காது, சீவல் சீவலாக விழும்.