கொதிகலன் அறையிலிருந்து எழுந்த குரல்

தொழிலாளர் அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட நாட்டில், இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்த பாடகன் ஒருவன் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுப் பிழைத்தான். விக்டர் த்சோயின் கலையை மதிப்பிடப் புகுவோர் இம்முரண்பாட்டை மறத்தலாகாது.

1962இல் லெனின்கிராட்டிற் பிறந்த த்சோயின் தாய் ருஷ்யர். தந்தையோ, 1937இல் ஸ்டாலின் ஆட்சி தூரகிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்குப் பெயர்த்தனுப்பிய கொரிய மக்களின் வழிவந்தவர். த்சோயின் 'கினோ' என்னும் றொக் இசைக்குழு 1982இல் தன் முதல் தொகுப்பான '45'ஐ வெளியிட்டது. அரசின் இசைத்தட்டு நிறுவனம் அதனை வெளியிடவில்லை. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதிசெய்தே மக்கள் அதனைப் பரப்பினர். தொழிலின்றி இருத்தல் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தமையால், 1986 முதல் 'கம்சாட்கா' எனப்பட்ட கொதிகலன் அறையில் அவர் வேலை பார்த்தார்.

1987இல் உருவான 'அஸ்ஸா' திரைப்படத்தின் இறுதியில் ஒலிக்கும், மாற்றத்தை வேண்டும் பாடலே அவர்தம் புகழுக்குப் பெருங்காரணம். அது அரசியற் பாடலன்று என அவருடைய பழைய தோழர் சிலர் வாதிப்பர். அப்பாடல் எந்த மாற்றம், யாருக்காக, எவ்வழியில் என்று கூறவில்லை என்பது உண்மையே. முற்போக்கு விமர்சகர் இதனைக் குறையெனக் கொள்ளல் இயல்பு. ஆயினும் தேநீர், தீப்பெட்டி, சமையலறை முதலிய எளிய பொருள்களாற் பின்னப்பட்ட அப்பாடல், தேக்கமுற்ற வாழ்வின் வெறுமையைப் பொய்யின்றிக் காட்டுகிறது. மேடைகளில் முழங்கிய போலி நம்பிக்கைகளைவிட இவ்வுண்மையே மக்கள் பக்கம் நின்றது. யதார்த்தம் என்பது சுலோகங்களின் தொகையன்று.

1990 ஓகஸ்ட் 15ஆம் நாள், லத்வியாவில் நிகழ்ந்த வீதி விபத்தில், 28ஆவது வயதில் அவர் மறைந்தார். மறு ஆண்டே சோவியத் ஒன்றியம் கலைந்தது. அவர் வேலை செய்த அறை இன்று நினைவகம். அவர் முகம் விற்பனைச் சரக்குமாயிற்று. திசை கூறாத கலையைச் சந்தை எளிதில் விழுங்கிவிடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் முழுவதும் விழுங்க இயலவில்லை. 2020 ஓகஸ்டில், மின்ஸ்க் நகரில் அரசு நடத்திய விழாவொன்றில் ஒலியமைப்பாளர் இருவர் அதே பாடலை ஒலிக்கச் செய்தனர். இருவருக்கும் பத்து நாட் சிறை விதிக்கப்பட்டது. பாடகன் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின்னும் ஓர் ஆட்சி அஞ்சுகிற பாடலை அரசியலற்றது என்று நாம் எவ்வாறு கூறுவது?