நடிக்காதவர்கள் என்று சொல்லப்பட்ட மூவர்

1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பேர்கிட்ஸ்வில் என்ற சிற்றூரை அண்டிய காட்டுக்குள் விவரணப்படம் எடுக்கச் சென்ற மூன்று மாணவர்கள் காணாமற்போகிறார்கள். ஓராண்டின் பின்னர் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் கிடைக்கின்றன. 'தி பிளேயர் விச் புரொஜெக்ட்' (1999) திரைப்படம் இந்த அறிவித்தலோடுதான் தொடங்குகிறது. சூனியக்காரி கற்பனை, காணாமற்போனது கற்பனை, படச்சுருள் கிடைத்ததும் கற்பனை. ஆனால் ஹெதர் டொனஹ்யூ, ஜோஷுவா லெனார்ட், மைக்கல் வில்லியம்ஸ் என்ற மூன்று பெயர்களும் கற்பனையல்ல. அவை அந்த நடிகர்களின் சொந்தப் பெயர்கள்.

சொற்பப் பணத்தில் எடுத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்த படம் என்றும், இணையத்தை விளம்பரத்துக்கு முதன்முதலில் திறமையாகப் பயன்படுத்திய படம் என்றும் இதைப்பற்றி வேண்டிய அளவு எழுதியாயிற்று. நாம் இங்கு பேச விரும்புவது அந்த மூன்று பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான். அதைப் பேசாமல் இப்படத்தின் அழகியலைப் பேச முடியாது என்பது எமது கருத்து.

கண்டெடுக்கப்பட்ட படச்சுருள் என்ற பாவனையில் அமையும் திகில் படங்களுக்கென்று ஒரு நிபந்தனை உண்டு. கமராவைப் பிடித்திருப்பவரும் கதைக்குள் இருந்தாக வேண்டும். திரையில் தெரிவது நடிப்பு என்று பார்வையாளர் உணரும் கணத்திலேயே பயம் விட்டுப்போகும். ஆகவே இவ்வகைப் படம் தன் நடிகரிடம் முரணான இரண்டு காரியங்களைக் கேட்கிறது: முழுமையாக நடிக்கவும் வேண்டும், நடிகர் என்ற அடையாளமே இல்லாமலும் போக வேண்டும். இத்தாலிய நெறியாளர் ருஜெரோ டியோடாட்டோ 1980இல் 'கனிபல் ஹோலோகோஸ்ட்' படத்தை எடுத்தபோது, படம் வெளியானபின் ஓராண்டுக்குத் தலைகாட்டக் கூடாது என்று தன் நடிகர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். விளைவு, அவர்களைக் கொன்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மீதே வந்தது. அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டியதாயிற்று. இதைச் சினிமா வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்றாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எமக்கு அது இவ்வகைப் படத்தின் இயல்பையே காட்டிக்கொடுக்கும் சம்பவமாகப் படுகிறது.

டானியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இரு இளம் நெறியாளர்கள் 1997 ஒக்டோபரில், எட்டு நாட்களில் பிளேயர் விச்சைப் படமாக்கினார்கள். 'படமாக்கினார்கள்' என்ற சொல்லே இங்கு சரியில்லை. வீடியோக் கமரா ஹெதரின் கையில் இருந்தது. கறுப்பு வெள்ளை 16 மில்லிமீற்றர் கமரா ஜோஷுவாவின் கையில். ஒலிப்பதிவு மைக்கலின் பொறுப்பு. எழுதப்பட்ட வசனம் கிடையாது. காட்டில் அடுத்து எங்கே போவது என்பதைச் செய்மதி வழிகாட்டிக் கருவி சொல்லும். அங்கே போனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பு காத்திருக்கும். மற்றவருக்குக் காட்டக் கூடாது. நாளாக ஆக உணவைக் குறைத்தார்கள். இரவில் கூடாரத்துக்கு வெளியே சத்தம் எழுப்பி நித்திரையைக் கெடுத்தார்கள். பசியும் களைப்பும் குளிரும் நிஜம். அவற்றைக்கொண்டு மூன்று மனிதர்களை உருவாக்கியது மட்டும் நடிப்பு. இப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 20 மணித்தியாலப் பதிவிலிருந்துதான் 80 நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இப்படம் வெட்டி எடுக்கப்பட்டது.

இப்படத்தில் பேய் தெரிவதில்லை என்று எல்லோரும் வியக்கிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்புவது எது என்று கேட்பவர் குறைவு. மரங்களில் தொங்கும் குச்சிப் பொம்மைகளும் கற்குவியல்களும் எத்தனை நேரத்துக்குப் பயமுறுத்தும்? உண்மையில் படம் நெடுக நாம் பார்ப்பது மூன்று பேரின் உறவு கொஞ்சங் கொஞ்சமாகச் சிதைவதை. வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளியது தானே என்று மைக்கல் ஒரு கட்டத்தில் ஒப்புக்கொள்கிறான். சிரிப்பும் வெறியும் கலந்த அந்த ஒப்புதலில் எந்தப் பிசாசைவிடவும் அதிகமான திகில் இருக்கிறது. இன்னோரிடத்தில் ஜோஷுவா கமராவைத் தான் எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டிருக்கும் ஹெதரை நோக்கித் திருப்பி, ஒரு நெறியாளன் நடிகையை ஏவுவதுபோல் அவளைக் குத்திக் குதறுகிறான். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது பார்க்கப்படுகிறாள். அதிகாரம் கைமாறும் அந்தக் கணம் எந்தத் திரைக்கதையிலும் எழுதப்பட்டதல்ல.

பின்னர் பலரும் கேலி செய்த காட்சி வருகிறது. இருட்டில், கம்பளித் தொப்பியோடு, முகத்தின் ஒரு பகுதி மாத்திரம் சட்டகத்துக்குள் இருக்க, மூக்கு வடிய வடிய, தன் தாயிடமும் நண்பர்களின் தாய்மாரிடமும் ஹெதர் மன்னிப்புக் கேட்கிறாள். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையை முற்றாகத் துறந்த நடிப்பு இது. ஒளியமைப்பு, சட்டகம், நடிப்பு மூன்றும் ஒரே ஆளின் கையில் இருக்கும் காட்சி உலக சினிமாவில் அதிகமில்லை.

1999 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் காட்டப்பட்ட படத்தை ஆர்ட்டிசன் நிறுவனம் சுமார் 10 லட்சம் டொலர் கொடுத்து வாங்கியது. 'காணவில்லை' என்ற தலைப்பின் கீழ் மூவரின் முகங்களும் சுவரொட்டிகளாயின. இணையத் திரைப்படத் தரவுத்தளத்தில் அவர்கள் இறந்திருக்கலாம் என்று பதிவிடப்பட்டது. நடிகர்கள் வெளியே தெரியாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். ஹெதரின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்து சேர்ந்தன. பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வீதியோரத்தில் நிற்கும் தாய்மாரை அறிந்த எம்மவர்க்கு, 'காணவில்லை' என்ற சொல் ஒரு விளம்பர உத்தியாக மாறும்போது மனதில் ஏதோ உறுத்தவே செய்யும். அந்த உறுத்தலை அமெரிக்கப் பார்வையாளர்மீதான கோபமாக்குவதில் அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியது, உயிரோடிருக்கும் நடிகர்கள் தம் வேலைக்கு உரிமை கோர வேண்டிய நேரத்தில் இறந்தவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பதையே.

படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி 80 லட்சம் டொலர் வசூலித்தது. 500,000 டொலருக்குட்பட்ட செலவில் எடுக்கப்பட்ட முதற்படங்களுக்கான இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதும் கிடைத்தது. ஹெதர் டொனஹ்யூவுக்குக் கிடைத்ததோ, ஆண்டின் மிக மோசமான நடிகை என்ற ராஸி 'விருது'. நடிப்பென்றே தெரியாதபடி நடித்தவளை, அவளுக்கு நடிக்கத் தெரியாது என்று சொல்லித் தண்டித்தார்கள். கமராவைக் கீழே வைக்க மறுக்கும், ஆண்களை வழிநடத்த முனையும் ஒரு பெண் பாத்திரத்தின்மீது பார்வையாளருக்கு எழுந்த எரிச்சலும் இதற்குள் கலந்திருந்தது. பாத்திரத்துக்கும் அவருக்கும் ஒரே பெயர் என்பதால், அந்த எரிச்சல் திரையோடு நிற்காமல் அவரையும் தொடர்ந்தது. பின்னாளில் நடிப்பைக் கைவிட்ட அவர், 2020இல் தன் பெயரையே ரேய் ஹான்ஸ் என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். தன் பெயரை ஒரு படத்துக்குக் கொடுத்தவர், இறுதியில் அதைப் படத்திடமே விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்றே நாம் இதை வாசிக்கிறோம்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நடிகர்கள் தெரிந்தேதான் காட்டுக்குள் போனார்கள். நடிப்பை இடைநிறுத்த ஒரு சங்கேதச் சொல்லும் வைத்திருந்தார்கள். அத்தனை மணித்தியாலப் பதிவுக்குள்ளிருந்து ஒரு படத்தைக் கண்டுபிடித்தது நெறியாளர்களின் திறமை. இந்த முறையை யோசித்ததும் அவர்களே. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் கலைக்காக ஏற்றுக்கொண்ட மறைவு ஒன்று, வியாபாரத்துக்காகத் திணிக்கப்பட்ட மறைவு இன்னொன்று. முன்னது படத்தோடு முடிந்துவிட வேண்டியது. பின்னது 25 ஆண்டுகள் நீடித்தது.

2024 ஏப்ரலில், ஆர்ட்டிசனைப் பின்னர் வாங்கிய லயன்ஸ்கேட் நிறுவனம் புதிய பிளேயர் விச் படமொன்றை அறிவித்தது. அப்போது மூவரும் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கேட்டவை மூன்று: தொழிற்சங்க ஒப்பந்தத்தின்கீழ் கிடைத்திருக்கக்கூடிய மீள்பயன்பாட்டுக் கொடுப்பனவுகள், தமது பெயரும் உருவமும் தொடர்புபடும் எதிர்கால முயற்சிகளில் தம்மோடு கலந்தாலோசித்தல், ஆண்டுதோறும் ஓர் அறிமுகப் படைப்பாளிக்கு 60,000 டொலர் உதவித்தொகை. நெறியாளர்களும் தயாரிப்பாளர்களும் அவர்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். மூன்றாவது கோரிக்கையில் நடிகர்களுக்கென்று ஒரு சதமும் இல்லை. தாம் வந்த வழியால் இன்னொருவர் வரும்போது அவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இதே வடிவம் இன்றும் உயிரோடிருக்கிறது. 2007இல் முதலில் திரையிடப்பட்ட 'பராநோர்மல் அக்டிவிட்டி'யிலும் கேற்றி, மைக்கா என்ற இரு நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே தோன்றினார்கள். இனியும் பலர் தோன்றுவார்கள். இவ்வகைப் படத்தைப் பார்த்து நிஜம்போல இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அந்த நிஜத்தை உண்டாக்கியவர் யார், அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வியையும் விமர்சனம் சேர்த்தே கேட்க வேண்டும். பிளேயர் விச்சை இன்று மறுபடி பார்ப்பவர் சூனியக்காரியைத் தேடிக் களைக்க வேண்டியதில்லை. கமராவைப் பிடித்திருக்கும் கைகளைக் கவனித்தால் போதும்.