கரிசலுக்கு மேலே ஒரு ட்ரோன்

"மருந்தடிக்க ஆள் இல்லை." விருதுநகர் பக்கம் மக்காச்சோளம் போட்ட யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை ஆட்களைப் பட்டாசு ஆலை வேன் விடிகாலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அந்த இடத்துக்கு ட்ரோன் வருகிறது, சரி. 2017-ல் யவத்மாலில் மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் விஷம் ஏறிச் செத்ததை நினைத்தால், முதுகிலிருந்து டேங்க் இறங்குவது நல்லதுதான்.

ஆனா இதைத் 'துல்லிய வேளாண்மை' என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பத்து லிட்டர் மருந்தை ஓர் ஏக்கர் முழுக்க ஒரே சீராகத் தூவிட்டுப் போவதில் என்ன துல்லியம்? படைப்புழு குருத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கு. எந்தச் செடியில் என்று யாராவது முதலில் நடந்து பார்க்கணும். 2004-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம் சொட்டுநீரில் உரத்தைக் கலந்து வேருக்கே கொடுத்தது. அங்கே அளவு என்று ஒன்று இருந்தது. அதுக்குக் கிணற்றில் தண்ணி வேணும். மானாவாரிக் கரிசலில் அது ஏது?

'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுவுக்கு 80 சதவீத மானியம், அதிகபட்சம் 8 லட்சம், மீதிக்குக் கடன். ஐப்பசி மழை தப்பினா சோளமும் இல்லை, புழுவும் இல்லை, ட்ரோன் வாடகையும் இல்லை. அந்த வருஷத் தவணையை அந்தப் பெண்கள் பட்டாசு ஆலைக் கூலியிலிருந்துதான் கட்டணும்.