பிரிதலே உரிப்பொருளாக: ஜெர்மானியத் திரையில் கறுப்பினப் பெண்ணும் தமிழ்த் திரையின் நிறத்தெரிவும்

முன்னுரை

ஒரு திரைப்படத்தில் எவர் எந்த வேடத்தை ஏற்பது என்னும் நடிகர் தெரிவு, திறனாய்வில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கதை, உரையாடல், காட்சியமைப்பு ஆகியன விரிவாக ஆராயப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பே நடந்து முடிந்துவிடும் தெரிவோ, தயாரிப்பாளரின் சொந்த விருப்பம் என ஒதுக்கப்படுகிறது. ஆயினும் ஒரு சமூகம் யாரைத் தன்னவராகக் காண்கிறது, யாரை வந்தேறியாகவோ வேடிக்கைப் பொருளாகவோ காண்கிறது என்பதை உரையாடலைவிட இத்தெரிவே ஒளிவின்றிக் காட்டிவிடுகிறது.

இக்கட்டுரை ஜெர்மானியத் திரையில் கறுப்பினப் பெண்களுக்கு வழங்கப்பட்ட வேடங்களை ஆராய்ந்து, அந்த ஆய்வின் வெளிச்சத்தில் தமிழ்த் திரையின் நிறத்தெரிவை நோக்குகிறது. ஒப்பீட்டிற்குக் காரணம் உண்டு. 1983க்குப் பின் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஈழத்தமிழரின் பெண்மக்கள் ஒரே வீட்டில் இரண்டு திரைகளைக் கண்டு வளர்கின்றனர். ஒன்று ஜெர்மானியத் தொலைக்காட்சி, மற்றொன்று தமிழ்ப்படம். கருநிறமுடைய ஒரு சிறுமிக்கு இவ்விரண்டும் என்ன சொல்கின்றன என்பதே இங்கு எழும் வினா.

தொடங்குமுன் இரு கருத்துகளை வேறுபடுத்திக் கொள்ளல் வேண்டும். இனவாதம் ஒரு மக்கள் தொகுதியை எல்லைக்கு வெளியே நிறுத்துவது. நிறப்பாகுபாடோ ஒரே மக்களுக்குள்ளும் வெளிர்நிறத்தை மேலாகவும் கருநிறத்தைக் கீழாகவும் வரிசைப்படுத்துவது. ஜெர்மானியச் சான்றுகளில் முன்னதும் தமிழ்ச் சான்றுகளில் பின்னதும் மேலோங்கி நிற்கின்றன.

ஆப்பிரிக்காவாக்கப்பட்ட ஹாம்பர்க் சிறுமி

மாரி நெஜார் 1930இல் ரூர் ஆற்றங்கரை நகரான ம்யூல்ஹைமில் பிறந்து, ஹாம்பர்கின் சாங்க்ட் பவுலிப் பகுதியில் வளர்ந்தவர். அவர் அறிந்த ஊர் அதுவே. பேசிய மொழி ஜெர்மன். எனினும் நாஜி ஆட்சியின் போர்க்காலத்தில் 'மூன்ச்ஹவுசன்', 'க்வாக்ஸ் இன் ஆஃப்ரிகா' ஆகிய படங்களில் சிறு வேடங்களுக்கு அச்சிறுமி தெரிவு செய்யப்பட்டார். தொலைதூர நாடுகளின் மாந்தரைக் காட்டுவதற்கு அவருடைய தோல் தேவைப்பட்டது.

இத்தெரிவு நிகழ்ந்த சூழலை மறத்தலாகாது. ரைன்லாந்துப் பகுதியில் பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டுப் படைவீரர்களுக்குப் பிறந்த ஏறத்தாழ 400 பிள்ளைகள் 1937இல் இரகசியமாகக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். அதே அரசின் காலத்தில் குடியேற்ற நாட்டுப் பெருமை பேசும் படங்களுக்குக் கறுப்பின மக்கள் துணைநடிகர்களாகத் திரட்டப்பட்டனர். கேமரூன் நாட்டுத் தந்தைக்கும் கிழக்குப் பிரஷ்யத் தாய்க்கும் பிறந்த சகோதரியர் இருவர், அக்காலத்தில் தாம் படங்களில் நடித்து வாழ்ந்ததைக் கூறும் நினைவுரை 1986இல் வெளிவந்த 'ஃபார்ப பெகென்னன்' என்னும் நூலில் இடம்பெற்றுள்ளது. தெருவில் இருக்கக்கூடாதவர் படப்பிடிப்புத் தளத்தில் மட்டும் தேவைப்பட்டனர். தளத்திலும் அவர் ஜெர்மானியராக நிற்க இடமில்லை.

'டொக்சி': வரவேற்பும் வழியனுப்பலும்

போருக்குப் பின் நிலைமை மாறியதுபோல் தோன்றியது. கறுப்பின அமெரிக்கப் படைவீரர்களுக்கும் ஜெர்மானியத் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளின் முதல் அணி 1952இல் பள்ளியில் சேரும் வயதை எட்டியது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் பேசிய லூயிஸ ரேலிங் என்னும் உறுப்பினர், அத்தகைய பிள்ளைகள் 3,093 பேர் எனக் கணக்குக் கூறினார். இந்நாட்டின் தட்பவெப்பமே அவர்களுக்கு ஒவ்வாதது என்றும், தந்தையரின் நாட்டிற்கு அவர்களை அனுப்புவது நல்லதா என எண்ணிப் பார்க்கப்பட்டுள்ளது என்றும் குறிப்பிட்டார். அப்பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அதே தட்பவெப்பத்தில்தான்.

ஐந்து மாதங்களுக்குப் பின், ஆகஸ்டில், ரோபர்ட் ஷ்டெம்ல இயக்கிய 'டொக்சி' வெளிவந்தது. ஹாம்பர்கின் நடுத்தரக் குடும்பமொன்றின் வாயிலில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி விடப்படுகிறாள். மருமகன் எதிர்க்கிறார், தாத்தா அரவணைக்கிறார், மெல்ல வீடு முழுவதும் அவள்பால் இளகுகிறது. எல்ஃபி ஃபீகர்ட் என்னும் சிறுமி அவ்வேடத்தை ஏற்றாள். படம் மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றது. பார்வையாளரை இரக்கத்தின் பக்கம் நிறுத்த அது முயன்றது என்பதை மறுக்க இயலாது.

ஆனால் படத்தின் முடிவை நோக்குக. குடும்பம் அவளை ஏற்றுக்கொண்ட பின்னரே தந்தை அமெரிக்காவிலிருந்து வந்து அவளை அழைத்துச் செல்கிறார். நாடாளுமன்றத்தில் கணக்காகவும் கவலையாகவும் பேசப்பட்டது திரையில் கண்ணீரோடு நிறைவேறுகிறது. வீட்டார் திருந்திவிட்டனர், அத்திருத்தத்தை நாள்தோறும் வாழ்ந்து காட்டும் கடமை மட்டும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

தமிழ் அகப்பொருள் மரபு ஐந்து திணைகளுக்கும் ஐந்து உரிப்பொருள் வகுத்தது. அவற்றுள் பாலைக்கு உரியது பிரிதல். ஜெர்மானியத் திரை கறுப்பினப் பெண்ணுருவுக்கு ஒதுக்கிய உரிப்பொருள் இஃது ஒன்றே எனலாம். ஃபீகர்ட் அடுத்து நடித்த 'டெர் துங்கிள ஷ்டெர்ன்' (1955) படத்தில், பவேரியப் பண்ணையில் வளரும் சிறுமி இறுதியில் சர்க்கஸ் கூட்டத்தோடு போய்ச் சேர்கிறாள். 1963இல் அவர் சிறு வேடமேற்ற ஹெல்முட் காய்ட்னரின் படத்தின் பெயரே 'மொன்டெவிடியோவில் ஒரு வீடு' எனப் பொருள்படுவது. அமெரிக்கா, சர்க்கஸ், தென்னமெரிக்கா என இடங்கள் மாறுகின்றன. தான் பிறந்த நாட்டில் அவள் தங்கி வாழும் கதை மட்டும் எழுதப்படவில்லை. ஒரு வேறுபாட்டையும் குறித்தல் தகும். அகமரபில் பிரிந்தோர் மீளவும் கூடும். இப்பிரிவுக்கு மீட்சி இல்லை.

வளர்ந்தவளுக்கு வேடமில்லை

குழந்தையாக இருக்கும்வரை இரக்கத்திற்குரியவள், வளர்ந்து பெண்ணானதும் என்னவாகிறாள் என்பது அடுத்த வினா. மாரி நெஜாரின் பிற்கால வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. போருக்குப் பின் 'லைலா நெக்ரா' என்னும் பெயரில் அவர் பாடகியானார். டொக்சி படத்தோடு தொடர்புடைய பாடலை இசைத்தட்டில் பாடியவரும் அவரே. இருபது வயதைக் கடந்த பின்னும் அவர் சிறுமியாகவே மேடையேற்றப்பட்டார். கறுப்பினப் பெண்ணைக் குழந்தையாக மட்டுமே விரும்பத் தெரிந்த ஒரு பொழுதுபோக்குத் துறை, அவர் வயதையே நிறுத்தி வைத்தது. 1950களின் இறுதியில் அவர் மேடையை விட்டு விலகிச் செவிலியரானார். செவிலியர் பணியில் அவர் தம் வயதுக்குரியவராக இருக்க முடிந்தது.

வளர்ந்த பெண்ணுக்குக் கிடைத்த வேடங்களின் வகையை நடிகையான நிஸ்மா ஷெராட் 2005இல் வெளிவந்த கட்டுரையொன்றில் எடுத்துரைத்தார். ஜெர்மன்மொழி நாடக அரங்கைப் பற்றிய அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஆசைநாயகி, பித்துப்பிடித்தவள், பரத்தை என மூன்று வேடங்கள் நிரல்பட நிற்கின்றன. இது மேடை பற்றிய கூற்றாயினும் திரைக்கும் பொருந்துவதே. ஆசிரியை, வழக்கறிஞர், பக்கத்து வீட்டுப் பெண் ஆகிய வேடங்கள் பட்டியலில் இல்லாமையே இங்குக் கவனிக்கத்தக்கது. திரையில் தோன்றும் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மாற்றத்தை அளக்கலாகாது என்பதற்கும் இதுவே சான்று.

கறுப்பின ஜெர்மானியப் பெண்கள் தம் கதையைத் தாமே கூறத் தொடங்கியமை இந்நிலையில் ஒரு திருப்பம். மேலே சுட்டிய 1986ஆம் ஆண்டு நூலை மே அயிம், கத்தரீனா ஒகுன்டோயெ, டாக்மர் ஷுல்ட்ஸ் ஆகியோர் தொகுத்தனர். 1984இல் பெர்லினில் கற்பித்த அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் தூண்டுதல் அதற்குப் பின்னணியாக அமைந்தது. 'ஆப்ரோ-ஜெர்மானியர்' என்னும் பெயர் அவ்வட்டத்திலிருந்தே பரவியது. பிறர் இட்ட பெயர்களால் அழைக்கப்பட்டவர்கள் இப்பெயரால் தம்மை நாட்டோடு பிணைத்துக்கொண்டனர்.

திரையில் அதன் பயன் தாமதமாகவே தென்பட்டது. 1970இல் தொடங்கிய 'தாட்டோர்ட்' என்னும் துப்பறியும் தொடர் ஜெர்மானியக் குடும்பங்களின் ஞாயிறு மாலை வழக்கமாகவே நிலைத்துவிட்ட ஒன்று. அதில் கறுப்பினப் பெண் ஒருவர் துப்பறியும் அதிகாரியாக முதன்முதலில் 2019இல்தான் தோன்றினார். உகாண்டாவில் பிறந்து எசனில் வளர்ந்த ஃபுளோரன்ஸ் கசும்பா, கோட்டிங்கன் நகரின் அதிகாரி அனாயிஸ் ஷ்மிட்ஸாக நடித்தார். ஷ்மிட்ஸ் என்பது அங்கு எத்தெருவிலும் கேட்கக்கூடிய குடும்பப் பெயர். அவள் பயணி அல்லள். எவரையும் நெகிழச் செய்துவிட்டு விடைபெற வந்தவளும் அல்லள். அவ்வூரில் பணிபுரிபவள். இவ்வளவு எளிய ஒன்றுக்கு அத்தொடர் 49 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தமிழ்த் திரை: பாரி மகளிர் நகைப்பிற்குரியோரான கதை

ஜெர்மனியைக் குறைகூறி அமைவது தமிழ்த் திறனாய்வுக்கு எளிது. ஆயினும் அங்குச் சிறுபான்மையினரின் நிறம் புறந்தள்ளப்பட்டது. இங்கோ பெரும்பான்மையினரின் நிறமே புறந்தள்ளப்படுகிறது. இதற்கு நம் இலக்கியத்தைக் காரணம் காட்டவியலாது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாமை எனப்படுகிறது. உரையாசிரியர்கள் அதனை மாந்தளிரின் நிறத்தோடு இயைப்பர். மாயோள் என்பது கருநிறப் பெண்ணைக் குறிக்கும் இனிய சொல். பிரிவால் மேனியில் படரும் வெளிறிய நிறமோ பசலை எனப்பட்டது. அது நோயின் குறி. அழகை உண்ணும் கேடு. வெளிறுதலை இழப்பாகக் கண்ட மொழி, இன்று வெளிறுதலையே தலைவிக்குத் தகுதியாகக் கேட்கிறது.

ஷங்கர் இயக்கிய 'சிவாஜி' (2007) இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் படம். மரபு வழுவாத தமிழ்ப்பெண்ணைத் தேடும் நாயகன் கண்டடையும் பெண்ணின் பெயர் தமிழ்ச்செல்வி. அவ்வேடத்திற்குத் தெரிவானவர் வட இந்தியாவைச் சேர்ந்த, வெளிர்நிறமுடைய ஸ்ரியா சரண்; அவருக்குக் குரல் கொடுத்தவர் வேறொருவர். நாயகன் தன் நிறத்தை வெளுக்க முயல்வது நகைச்சுவையாகிறது. ஒரு பாடலில் ஐரோப்பியப் பெண் ஒருவரின் தோல்நிறம் கணினி நுட்பத்தால் ரஜினிகாந்தின் மேனியில் ஏற்றப்பட்டது.

அதே படத்தில் அண்டை வீட்டாரின் மகளிர் இருவர் கரிய ஒப்பனையுடன் தோன்றுகின்றனர். அவர்களை மணமகளிராகக் காட்டியதும் நாயகன் தரப்பினர் அஞ்சி ஓடுவதே அங்கு நகைச்சுவை. அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. தந்தையாக நடித்தவர் தமிழ்ப் பேராசிரியரும் பட்டிமன்ற நடுவருமான சாலமன் பாப்பையா.

இப்பெயர்கள் பாரியின் மகளிர்க்கு மரபு வழங்கிய பெயர்கள். புறநானூற்றின் 112ஆம் பாடல் அவர்தம் பாடலாகவே தொகுக்கப்பட்டுள்ளது. தந்தையை இழந்த அம்மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார், இருவரும் மறுத்தனர். 200 முதல் 202 வரையான பாடல்கள் அந்நிகழ்ச்சியைச் சார்ந்தவை. அங்கு மறுப்பு, மறுத்தவனுக்கே இழுக்காகிறது. கபிலரின் சினம் இருங்கோவேளை நோக்கி எழுகிறது. திரையில் அதே மறுப்பு மீண்டும் நிகழ்கிறது. இம்முறை இழுக்கு பெண்களுடையதாகிறது, அரங்கு சிரிக்கிறது, சினந்து பேசக் கபிலர் ஒருவரும் இல்லை. இலக்கியப் பெயரை அறிந்து எடுத்தாண்ட படம், அப்பெயரின் அறத்தை விட்டுவிட்டது.

கருநிற நடிகையர்க்குத் தமிழ்த் திரை இடமே தரவில்லை என்பதன்று. 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) ஆகிய கே. பாலசந்தர் படங்களைச் சரிதா தாங்கி நின்றார். ஆனால் பின்னாளில் நக்மா உள்ளிட்ட வெளிர்நிற நாயகியர்க்குப் பின்னணிக் குரலாக ஒலித்தவரும் அவரே. அவருடைய மொழியும் உணர்ச்சியும் தேவைப்பட்ட இடத்தில் முகம் மட்டும் மாற்றப்பட்டது. அம்முகமே ஒரு காலத்தில் அப்படங்களைத் தாங்கியிருந்தது.

ஒப்பீட்டின் எல்லை

இரு வரலாறுகளையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. ஜெர்மானியத் திரைக்குப் பின்னால் குடியேற்ற ஆட்சியும் நாஜி அரசின் இனக்கொள்கையும் நிற்கின்றன. தமிழ்த் திரைக்குப் பின்னால் சாதியும் வணிகமும் அனைத்திந்தியச் சந்தையும் நிற்கின்றன. அங்கு ஒருத்தி நாட்டை விட்டே அனுப்பப்பட்டாள். இங்கு ஒருத்தி பக்கத்து வீட்டிலேயே இருந்தும் மணமேடைக்கு அழைக்கப்படவில்லை. எனினும் இரண்டிலும் தெரிவின் தருக்கம் ஒன்றே. கருநிறப் பெண்ணைப் பார்த்து இரங்கலாம், சிரிக்கலாம். அவளுடைய குரலையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கதையின் நடுவில் அவளை வாழவைக்க மட்டும் இயலாது.

முடிவுரை

ஜெர்மனியிலுள்ள ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலில் கரிய கற்சிலையின் முன் கைகூப்பும் தமிழ்ச் சிறுமி, வீடு திரும்பித் தொலைக்காட்சியை இயக்குகிறாள். ஒரு திரை அவளைப் போன்றவளை ஊருக்கு வெளியே அனுப்பி வந்தது. அது அண்மையில்தான் கோட்டிங்கனில் ஓர் அலுவலகத்தைத் திறந்துவிட்டது. மற்றொரு திரை அவள் மொழியிலேயே பேசி, அவள் பாட நூலில் படிக்கும் பெயர்களாலேயே அவளை நகைக்கிறது. இரண்டாவது காயத்தை ஆற்றும் பொறுப்பு ஜெர்மானியருடையது அன்று.

தமிழியல் ஆய்வு மாமையையும் பசலையையும் சொற்பொருளாக விளக்குவதோடு நின்றுவிடலாகாது. அச்சொற்கள் போற்றிய அழகு நம் திரையில் யாருடைய முகமாக வருகிறது, யாருடைய முகம் மறைக்கப்படுகிறது என்பதையும் அது கேட்டல் வேண்டும். பாரி மகளிர்க்காக ஒரு புலவர் வாயில் வாயிலாக நடந்தார். மறுத்தவனைப் பெயர் சொல்லிக் கடிந்தார். திறனாய்வுக்கு அதனினும் நல்ல முன்மாதிரி நம் மரபில் வேறு வேண்டுவதில்லை.