மொராண்டியின் புட்டிகள்

இத்தாலியின் போலோன்யா நகரில், ஃபோந்தாத்ஸா தெருவில், கல்யாணம் செய்துகொள்ளாமல் தாயோடும் மூன்று சகோதரிகளோடும் வாழ்ந்தவர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964). படுக்கை, வேலை எல்லாம் ஒரே அறையில். சுற்றிலும் புட்டிகள், குவளைகள், தகர டப்பாக்கள், ஓர் எண்ணெய் விளக்கு. சில புட்டிகளின் லேபிளை நீக்கி, பளபளப்பு அடங்க உள்ளே வண்ணம் பூசி வைத்திருந்தார். படிந்த தூசியைக்கூட அப்படியே விட்டுவைத்தார்.

இந்தப் புட்டிகளை அவர் வண்ணத்தில் தீட்டியதைத்தான் பலரும் பேசுவார்கள். எனக்கு அவருடைய எட்சிங்தான் ஒருபடி மேல்.

எட்சிங் ஓர் அச்சுக்கலை முறை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மை ஈரத்தாளில் பதியும். கீறாத இடத்தில் தாளின் வெள்ளை. பழைய கையேடுகளைப் படித்தும் ஓவியர் ரெம்பிராண்டின் அச்சுகளைப் பார்த்தும் மொராண்டி இதைத் தானே கற்றார். பிறகு 1930 முதல் 1956 வரை போலோன்யா கலைக் கல்லூரியில் அதையே கற்பித்தார். 1953 சாவ் பாவ்லோ பியனாலே கலைக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான முதல் பரிசும் அவருக்குத்தான்.

1931இல் அவர் செய்த ஓர் எட்சிங்: இருண்ட பின்னணியில் வெள்ளைப் பொருள்கள். கண்ணைத் தாளுக்கு அருகே கொண்டுபோங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கோடுகளின்மேல் கோடுகள், சல்லடைபோல. திடீரென்று அவை நின்றுவிடுகின்றன. நின்ற இடத்தில் புட்டியின் கழுத்து! அதற்கென்று ஒரு விளிம்புக் கோடுகூட இல்லை. ஊசி தொடாத வெறுந்தாள்தான் புட்டி. ஒரு கை தூரம் விலகினால் அதற்குக் கனம் வந்துவிடுகிறது, வெளிச்சம் வந்துவிடுகிறது.

வருஷக்கணக்காக ஏன் அதே புட்டிகளையே வரைந்தார் என்ற கேள்விக்கு எனக்கு இங்கேதான் விடை கிடைத்தது. எதை வரைய வேண்டும் என்பது போய், எதை வரையாமல் விடலாம் என்று தெரிய, ஒரு பொருளோடு அத்தனை வருஷம் பழகியிருக்க வேண்டும். புதுப் புட்டியை நம்பி யாராலும் இப்படிக் கையை எடுக்க முடியாது.

அவர் வாழ்ந்த வீடு 2009இலிருந்து அருங்காட்சியகம். போலோன்யா போகிறவர்கள் அந்த அறையைப் பாருங்கள். பிறகு எட்சிங்குகளின்முன் நின்று, கோடு எங்கே நிற்கிறது என்று மட்டும் தேடுங்கள்.